உங்களுக்குத் தெரியுமா? – பழிவாங்கும் படம்: பாகம் இரண்டு, காட்சி ஒன்று

முதல் பாகத்திலேயே நாயகன் பழிதீர்த்துவிட்டான். வில்லன் செத்தாயிற்று. படமும் நன்றாக ஓடி, இரண்டாம் பாகம் வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். கணக்கு தீர்ந்த மனிதன் மறுபடி ஏன் துப்பாக்கியைத் தொட வேண்டும்? இதற்கு நம்பும்படியான பதில் தொடக்கக் காட்சிகளிலேயே வந்துவிட வேண்டும். அந்தப் பதிலை நேர்த்தியாகச் சொன்ன படம், 2017-இல் வெளிவந்த ‘ஜான் விக்: சாப்டர் 2’. அதை நடுவில் வைத்து, வேறு சில படங்களையும் தொட்டுச் செல்லும் துணுக்குகள் இவை. முடிவுகளும் இதில் வருகின்றன. இன்னும் படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

● நான்கே நாள்

2014-இல் வந்த முதல் பாகத்தில், ஓய்வுபெற்ற கொலையாளி ஜான் விக்குக்கு, நோயில் இறந்த மனைவி ஹெலன் கடைசிப் பரிசாக அனுப்பிவைத்த நாய்க்குட்டியை ரஷ்ய தாதா விகோவின் மகன் கொன்றுவிடுகிறான். ஜான் விக்கின் 1969 மாடல் மஸ்டாங் காரையும் தூக்கிச் சென்றுவிடுகிறான். ஜான் அந்தக் கும்பலையே துடைத்தெடுக்கிறார். ஆனால், கார் மட்டும் கைக்கு வரவில்லை. ரசிகர்கள் மறந்துபோன அந்த நூலைப் பிடித்துத்தான் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. கதையில் இடையே கடந்திருப்பது நான்கே நாள். கார் இருப்பதோ, விகோவின் சகோதரன் ஆப்ரமின் ஷெட்டில்.

● சுவரில் ஓடும் மௌனப்படம்

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் நியூயார்க் கட்டடச் சுவர் ஒன்றில் பஸ்டர் கீட்டனின் மௌனப்படக் காட்சி ஒளிர்கிறது. உடனே கீழே தெருவில் மோட்டார் சைக்கிள் துரத்தல். இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி ஸ்டன்ட் கலைஞராக இருந்து வந்தவர். ‘மேட்ரிக்ஸ்’ படத்தில், ஜான் விக்காக நடித்த கீயானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். கீட்டனோ தன் சாகசங்களைத் தானே செய்தவர். 1924-இல் வந்த ‘ஷெர்லாக் ஜூனியர்’ படப்பிடிப்பில் அவர் கழுத்தெலும்பு முறிந்தது. அது முறிந்திருந்ததே பல ஆண்டுகள் கழித்துத்தான் மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்தது. உடலைப் பணயம் வைத்த அந்தக் கலைஞனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டே ஸ்டாஹெல்ஸ்கி தன் கதையைத் தொடங்குகிறார்.

● காருக்குள் என்ன இருந்தது?

காரை மீட்கும் சண்டையில் கார் அப்பளமாக நொறுங்குகிறது. கதவு பிய்கிறது, முன்பக்கம் நசுங்குகிறது. அந்த இரும்பைத்தானா இத்தனை பேரை அடித்து மீட்டார் என்று நாம் நினைக்கும்போது, அவர் காருக்குள்ளிருந்து ஒரு வாழ்த்து அட்டையை எடுக்கிறார். ஹெலன் எழுதியது. வசனம் இல்லாத அந்தச் சில நொடிகளில், அவர் எதற்காக உயிரோடு இருக்கிறார் என்பது விளங்கிவிடுகிறது. பின்னால் அவர் எதை இழந்தால் உடைந்துபோவார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

● சொன்ன பென்சில், செய்த பென்சில்

வெளியே கார்கள் மோதும் சத்தம் கேட்க, ஆப்ரம் தன் ஆளிடம் ஜானின் பழங்கதையைச் சொல்கிறார்: மதுக்கூடத்தில் வெறும் பென்சிலால் மூன்று பேரைக் கொன்றவன் அவன். முதல் பாகத்தில் விகோவும் இதே கதையைச் சொல்லியிருந்தார். இரண்டு படங்களாகக் காதால் கேட்ட அந்தக் கதையை, இரண்டாம் பாகத்தின் பின்பகுதியில் ஜான் இரண்டு கொலையாளிகளை எதிர்கொள்ளும்போது கண்ணால் பார்க்கிறோம். தொடக்கத்தில் அந்த வசனம் இல்லாவிட்டால் அது இன்னொரு சண்டை. வசனம் இருப்பதால் தியேட்டரே ஆரவாரம் செய்கிறது.

● ஒரு மடக்கு வோட்கா

ஆட்களையெல்லாம் வீழ்த்திவிட்டு ஆப்ரமின் அறைக்கு வரும் ஜான், அவரைக் கொல்லவில்லை. கோப்பையில் வோட்கா ஊற்றிக் கொடுத்துச் சமாதானம் பேசுகிறார். இருவரும் குடிக்கிறார்கள். முதல் பாகத்தின் பகை அத்தோடு முடிந்தது. ரஷ்யக் கும்பல் படத்தில் அப்புறம் தலைகாட்டவே இல்லை. பழைய வில்லனின் சொந்தக்காரனையே அடுத்த வில்லனாக்கும் வழக்கமான பாதையைத் தொடக்கத்திலேயே அடைத்துவிடுகிறார்கள். இனி வரப்போகும் பகைக்கு வேறு காரணம் வேண்டும்.

● ரத்த ரேகை

வீட்டுக்கு வந்த ஜான் ஆயுதங்களையும் தங்கக் காசுகளையும் நிலவறையில் புதைத்து, மேலே கான்கிரீட் போட்டு மூடுகிறார். அதை முடித்த கையோடு வாசல் மணி அடிக்கிறது. வந்தவன் இத்தாலிய தாதா சாண்டினோ. அவன் கையில் ஒரு பதக்கம். திறந்தால் உள்ளே ஜானின் பெருவிரல் ரேகை, ரத்தத்தில். முதல் பாகத்தில், ஜான் முடியாத வேலை ஒன்றை முடித்துக் கொடுத்துத்தான் கொலைத் தொழிலை விட்டு வெளியேறினார் என்று கேட்டிருந்தோம். அந்த வேலையை முடிக்க உதவியவன் சாண்டினோ. அதற்கு ஈடாகக் கொடுத்த சத்தியமே இந்தப் பதக்கம். முதல் பாகத்தில் நாம் கேட்ட ஒரு வரியிலிருந்தே இரண்டாம் பாகத்தின் மூலகாரணத்தை எடுத்திருக்கிறார் கதாசிரியர் டெரெக் கோல்ஸ்டாட். ஓய்வு வாழ்க்கையே கடனாக வாங்கியது என்று தெரியவரும்போது முதல் பாகமும் நம் கண்ணில் மாறிவிடுகிறது.

● வீடு போனது, நாய் பிழைத்தது

சாண்டினோ கேட்கும் வேலையை ஜான் மறுக்கிறார். சாண்டினோ வெளியே போய், வெடிகுண்டு ஏவும் துப்பாக்கியால் வீட்டையே கொளுத்திவிடுகிறான். ஹெலனோடு வாழ்ந்த வீடும் அதிலிருந்த நினைவுகளும் சாம்பல். முதல் பாகத்தில் நாய் செத்தது, வீடு மிஞ்சியது. இங்கே வீடு எரிகிறது, புது நாய் தப்பிக்கிறது. அதே இழப்பைத் திரும்பச் செய்யாமல் புரட்டிப் போட்டது திரைக்கதையின் சாமர்த்தியம். அந்த நாய்க்குப் பெயர்கூட வைக்கப்படவில்லை என்பது கூடுதல் தகவல்.

● இரண்டே விதிகள்

எரிந்த வீட்டிலிருந்து நாயோடு நடந்தே, கொலையாளிகள் தங்கும் கான்டினென்டல் ஹோட்டலுக்குப் போகிறார் ஜான். உரிமையாளர் வின்ஸ்டன் இரண்டு விதிகளை நினைவூட்டுகிறார்: ஹோட்டல் எல்லைக்குள் ரத்தம் சிந்தக் கூடாது, பதக்கத்தின் சத்தியத்தை மீறக் கூடாது. இரண்டாவது விதிக்குக் கட்டுப்பட்டு, சாண்டினோ கேட்ட வேலையை முடிக்க ஜான் ரோமுக்குக் கிளம்புகிறார். படத்தின் முடிவில் அதே ஹோட்டலில் சாண்டினோவைச் சுட்டு முதல் விதியை உடைக்கிறார். ஒரு விதியைக் காத்ததால் கதை நகர்கிறது, இன்னொன்றை உடைத்ததால் கதை முடிகிறது. இரண்டையும் நமக்கு முன்கூட்டியே சொல்லிவைத்ததால்தான் கடைசிக் குண்டுச் சத்தத்துக்கு அவ்வளவு கனம்.

● ஒரு கொலை, மூன்று பழி

சாண்டினோ கேட்டது உடன்பிறப்பு உறவையே அறுக்கும் கொலை: தன் சகோதரி ஜியானாவைக் கொல்ல வேண்டும், குற்ற உலகை ஆளும் ‘ஹை டேபிள்’ சபையில் அவளுக்குப் போன தந்தையின் இடம் தனக்கு வேண்டும். வேலை முடிந்ததும், சகோதரியைக் கொன்றவனைச் சும்மா விடமுடியாது என்று ஜானின் தலைக்கே 70 லட்சம் டாலர் விலை வைக்கிறான். இது பொய்ப் பழி. ஜியானாவின் மெய்க்காப்பாளன் காசியன் துரத்துவது மெய்யான பழி. வீட்டை எரித்தவனை ஜான் தேடுவது மூன்றாவது பழி. மூன்றுக்கும் ஊற்று, ஜான் கதவைத் திறந்த அந்த ஒரு காட்சி.

● ஒரு மணி நேரம்

விதியை உடைத்த ஜானுக்கு, நட்புக்காக வின்ஸ்டன் ஒரு மணி நேர அவகாசம் தருகிறார். தலையின் விலை இரட்டிப்பாகிறது. 2019-இல் வந்த மூன்றாம் பாகம் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, மழையில் நாயோடு ஓடும் ஜானைக் காட்டித் தொடங்குகிறது. 2023-இல் வந்த நான்காம் பாகத்தின் தொடக்கத்தில் கான்டினென்டல் ஹோட்டலே தகர்க்கப்பட்டு, வரவேற்பாளர் கரோன் கொல்லப்படுகிறார். இம்முறை பழிதீர்க்கும் காரணம் வின்ஸ்டனுக்கும் வந்து சேர்கிறது. கரோனாக நடித்த லான்ஸ் ரெட்டிக், அந்தப் படம் அமெரிக்காவில் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பு காலமானார்.

● காதால் மட்டும் கேட்கும் படுகொலை

குவென்டின் டாரன்டினோ ‘கில் பில்’லை ஒரே படமாகவே எடுத்தார், பிறகு 2003, 2004 என்று இரண்டு பாகங்களாக வெளியானது. முதல் பாகத்தில் வில்லன் பில்லின் முகத்தையே காட்டவில்லை. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், தேவாலய வாசலில் அவன் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மணமகளோடு கனிவாகப் பேசுகிறான். நான்கு கொலையாளிகள் உள்ளே நுழைய, கேமரா பின்வாங்கி வெளியே வந்துவிடுகிறது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இந்தக் கனிவைக் காட்டியதால், கடைசியில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து பேசும் நீண்ட காட்சி சண்டையைவிட அதிகமாக வலிக்கிறது.

● வில்லன் பக்கத்து நியாயம்

2012-இல் வந்த ‘டேக்கன் 2’ அல்பேனியாவில் ஒரு சவ அடக்கத்தோடு தொடங்குகிறது. அடக்கம் செய்யப்படுபவர்கள் முதல் பாகத்தில் நாயகன் பிரையன் கொன்ற ஆட்கள். மகனைப் பறிகொடுத்த முராத் அங்கே பழிவாங்கச் சபதம் செய்கிறார். முதல் பாகத்தில் நாம் கைதட்டிப் பார்த்த கொலைகளுக்கு அழுபவர்களும் இருக்கிறார்கள் என்று அந்தக் காட்சி சொல்கிறது. படம் அதற்குமேல் அந்த எண்ணத்தை வளர்க்காமல் இஸ்தான்புல் துரத்தல்களுக்குத் தாவிவிட்டது பெரிய இழப்பு.

● ஒட்டுப்போட்ட கதை

இந்தோனேசியப் படமான ‘தி ரெய்டு 2’ (2014), உண்மையில் ‘தி ரெய்டு’க்கு முன்பே இயக்குநர் கேரத் எவன்ஸ் எழுதிய வேறு கதை. பணம் புரளாததால் சின்னச் செலவில் முதல் படத்தை எடுத்தார். பிறகு பழைய கதையை இரண்டாம் பாகமாக மாற்றினார். இரண்டையும் இணைக்கும் தையல், தொடக்கக் காட்சிதான்: வெட்டவெளியில், தோண்டிவைத்த குழி அருகே நாயகன் ராமாவின் அண்ணன் கொல்லப்படுகிறான். போலீஸ்காரனான ராமா கைதி வேடத்தில் சிறைக்குள் போக ஒப்புக்கொள்வதற்கு அந்தச் சாவே காரணம்.

● பொய்ச் சாவு, மெய்ச் சாவு

1982-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக் 2: தி ராத் ஆஃப் கான்’ படத்தின் வில்லன் கான், 1967-இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி அத்தியாயம் ஒன்றிலிருந்து பழிவாங்கத் திரும்பி வந்தவன். படத்தில் முக்கியக் கதாபாத்திரமான ஸ்பாக் இறக்கப்போகிறார் என்ற செய்தி முன்னதாகவே கசிந்துவிட்டது. அதனால் தொடக்கத்திலேயே அவர் விழுந்து சாவதுபோல் காட்டி, அது வெறும் பயிற்சி என்று ரசிகர்களை ஆசுவாசப்படுத்தினார்கள். கடைசியில் அவர் நிஜமாகவே இறந்தபோது யாரும் தயாராக இருக்கவில்லை. வெல்லவே முடியாத சோதனை என்று அந்தப் பயிற்சி வைத்த கேள்விக்கு, ஸ்பாக்கின் தியாகம் விடையாகவும் அமைந்தது.

இத்தனை படங்களும் சொல்வது ஒன்றுதான். இரண்டாம் பாகத்துக்குப் பெரிய பட்ஜெட்டும் கூடுதல் பிணங்களும் போதாது. முதல் பாகத்தின் வெற்றிக்கு யாரோ விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். அதைச் செய்த படங்கள் நிற்கின்றன. ஆகவே, அடுத்த முறை இரண்டாம் பாகம் ஒன்றுக்குப் போகும்போது பாப்கார்ன் வரிசையில் நின்று முதல் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.