அரை நாள் மெழுகு, அரை நாள் ஓவியம்

சாங்வியில் நம்மவர் வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு ஒரே வழிதான் உண்டு. இன்ஜினீயரிங்! அது கிடைக்காவிட்டால், அதற்கு அடுத்த வீட்டுக்காரர் என்று சொல்லத்தக்க ஏதாவது ஒன்று. ஹிஞ்சவடி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது; கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நிற்கிறது. பிறகு வேறு எதைப் பற்றி யோசிப்பது?

எங்கள் வீட்டில் இந்த ஆண்டு அந்த வழக்கம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. மும்பை ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் சேர விரும்புவதாக மகள் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை வரைந்து கொள், யார் வேண்டாம் என்றது? முழு நேரமும் அதுவே என்றால் சாப்பாட்டுக்கு என்னடி செய்வாய்?" என்றாள் என் மனைவி. மகள் என் முகத்தைப் பார்த்தாள். என் மனைவி கேட்டதில் தவறில்லை. கட்கிக்கு வேலைக்கு வந்து, வாடகை வீடு மாறி மாறி, கடைசியில் இங்கே ஒரு கூரையைச் சம்பாதித்தவர்கள் நாங்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும் என்பது எங்களுக்கு வேத வாக்கு.

ஆனால் இதே கேள்வியை அறுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கூட்டம் தன்னைத் தானே கேட்டுக்கொண்டது. வெறும் ஆவேசத்தில் அல்ல, கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்துத்தான் விடை கண்டது. நம் சங்கத்துப் பெற்றோர்கள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் நம் பக்கத்துக் கதை ஒன்று. தாபோடி ஸ்டேஷனில் லோனாவலா லோக்கல் ஏறினால், லோனாவலாவுக்கு முந்தைய நிலையம் மளவலி. அங்கேதான் ராஜா ரவிவர்மாவின் அச்சகம் இருந்தது. 1894இல் மும்பையில் தொடங்கி, 1899இல் மளவலிக்கு மாற்றினார்கள். நம் பாட்டிமார்கள் பூஜை அறையில் மாட்டி வைத்திருந்த லட்சுமி, சரஸ்வதி படங்களின் மூலம் அதுதான். பரோடா மகாராஜா போன்றவர்களுக்கு வரைந்து பெரும் பொருள் ஈட்டியவர் ரவிவர்மா. அப்படிப்பட்டவரையே அச்சகம் கடனில் தள்ளியது. சில ஆண்டுகளில் அதை ஷ்லைகர் என்ற ஜெர்மானியரிடம் விற்றுவிட்டார். அரசர்களின் தயவும் இல்லை, அச்சகமும் இல்லை என்றால் சாதாரணக் குடும்பத்தில் பிறந்த ஓவியன் என்ன செய்வான்?

இந்தக் கேள்வி கே.சி.எஸ். பணிக்கரை விடாமல் துரத்தியது. 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பச் சுமையால் தந்தித் துறையிலும் இன்ஷூரன்ஸிலும் வேலை பார்த்தவர். 25 வயதில், 1936இல், எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 'இந்த வயதில் படிப்பா?' என்று அவர் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அப்போது அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதைச் செய்தவர்தான்.

1957இல் பணிக்கரே அந்தப் பள்ளியின் முதல்வரானார். அப்போதுதான் அவருக்கு உண்மை நிலவரம் கண்ணில் பட்டது. ஆண்டுதோறும் திறமையான பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போவார்கள். சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகக் குறைவு. சிலர் நெசவாளர் சேவை மையத்தில் டிசைன் போடும் வேலைக்குப் போனார்கள். சிலர் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் ஆனார்கள். பலர் தூரிகையையே மறந்தார்கள். ஐந்தாறு ஆண்டுகள் பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்த ஆசிரியருக்கு இதைவிட வேதனை உண்டா?

சம்பள வேலை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கீராம்பூர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர்தான். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் தீட்டிய காந்தியின் கோட்டுச் சித்திரங்களையும், கி. ராஜநாராயணன் எழுத்துக்கு ஜூனியர் விகடனில் வரைந்த படங்களையும் யார் மறக்க முடியும்? ஆனால் எட்டு மணி நேரம் ஆபீசுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் அப்படி வரைய எல்லோருக்கும் உடம்பும் மனமும் இடம் கொடுப்பதில்லை.

பணிக்கர் கண்ட உபாயம் எளிமையானது. கையில் இருக்கும் கலையிலிருந்தே ஒரு கைத்தொழிலைப் பிரித்தெடு. அது வயிற்றைப் பார்த்துக்கொள்ளட்டும். அவர்கள் எடுத்துக்கொண்டது பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் உருவம் வரைவார்கள். சாயத்தில் முக்கினால் மெழுகு உள்ள இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரில் மெழுகைக் கரைத்து எடுத்தால் உருவம் நிற்கும். அங்கங்கே மெழுகு வெடித்த இடத்தில் சாயம் நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். அதுதான் அதன் அழகு. ஓவியப் பள்ளியில் கோடு பழகிய கைக்கு இது கஷ்டமே இல்லை. துணிகள் விற்றன. கைவினைஞர் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். அந்த வருமானத்திலிருந்து சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரச் சவுக்குத் தோப்புகளுக்கும் மணலுக்கும் இடையே சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966இல் குடியேறினார்கள். இடத்துக்கு வைத்த பெயர் சோழமண்டலம். வெள்ளைக்காரன் வாயில் 'கோரமண்டல்' ஆகிப்போன நம் பழைய பெயரை மறுபடியும் தமிழாக்கிக் கொண்டார்கள்!

சர்க்கார் உதவியை எதிர்பார்க்காமல், பணக்காரப் புரவலரைத் தேடாமல், ஓவியர்களே தங்கள் உழைப்பில் ஊர் அமைத்துக்கொண்டார்கள். இது இந்தியாவில் அபூர்வம். நாளின் ஒரு பகுதி பாத்திக், உலோகத் தகடு, தோல் வேலை. மீதி நேரம் முழுக்க ஓவியம், சிற்பம். வீடு கட்டும் வசதி உடனே வந்துவிடவில்லை. ஆரம்ப நாட்களில் மின்சாரமும் கிடையாது. எங்கள் வீட்டில் அரை மணி கரண்ட் போனாலே நான் போடும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாத்திக் விற்றதால் அவர்கள் ஓவியத்தை விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. வாங்குபவர் சுவருக்குப் பொருத்தமான நிறத்தில் வரைய வேண்டியதில்லை. பணிக்கரையே பாருங்கள். 1963இல் ஒரு வணிகவியல் மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்தார். எண்ணும் எழுத்தும் அல்ஜீப்ராக் குறிகளும் நெருக்கி எழுதிய பக்கம். அதிலிருந்து பிறந்ததே 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அவருடைய புகழ்பெற்ற ஓவிய வரிசை. ஜாதகக் கட்டம் போலச் சதுரங்கள், படிக்க முடியாத எழுத்து வரிகள், நடுவில் மீனோ பறவையோ. 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்டால் விடை கிடையாது. மறுநாள் அரிசிக்கு இந்தப் படம் விற்றாக வேண்டும் என்ற நிலையில் ஒருவரால் இதை வரைந்திருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான்.

எல்லாம் சுகமாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். சென்னைக்காரரான கே. ராமானுஜம் பேச்சு சரளமாக வராதவர், பள்ளிப் படிப்பு ஏறாதவர். பணிக்கர்தான் அவரை ஓவியப் பள்ளிக்குள் அழைத்துக்கொண்டார். சோழமண்டலத்திலும் இடம் கிடைத்தது. பேனாவும் மையும் கொண்டு அவர் கட்டிய கனவு மாளிகைகள், பறக்கும் பிராணிகள், பாம்புகள், அவற்றின் நடுவே தொப்பி போட்ட அவரே! சென்னை கன்னிமாரா ஓட்டலுக்கும் பெரிய படங்கள் வரைந்தார். அவர் 1973இல், முப்பது சொச்சம் வயதிலேயே, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வீடும் சோறும் தூரிகையும் கிடைத்துவிட்டால் மனிதனுக்கு எல்லாம் கிடைத்துவிட்டதாக ஆகாது. பிள்ளையை இந்தத் துறைக்கு அனுப்பும் பெற்றோர், வருமானத்தை விசாரிக்கும் அளவுக்கு அவளுக்கு நண்பர்கள் இருக்கிறார்களா, மனம் விட்டுப் பேச ஆள் உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். எனக்கு இது பணத்தைவிட முக்கியமாகப் படுகிறது.

சிலர் கிளம்பியும் போனார்கள். விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன் இருவரும் பாரிஸில் குடியேறினர். எஸ்.ஜி. வாசுதேவ் பெங்களூர் போனார். ஜே. சுல்தான் அலி போன்றவர்கள் சோழமண்டலத்திலேயே தங்கிக் கடைசி வரை வரைந்தார்கள். பணிக்கர் 1977இல் காலமானார். அவருக்குப் பிறகு கலைந்துவிடும் என்று நினைத்திருப்பவர்களும் உண்டு, கலையவில்லை. அவர் மகன் நந்தகோபால் உலோகச் சிற்பத்தில் பெயர் பெற்று, 2017இல் மறையும் வரை அங்கேயே உழைத்தார். காலப்போக்கில் ஓவியங்களே விலை போகத் தொடங்கியதால், பாத்திக் செய்தாக வேண்டும் என்ற அவசியமும் பலருக்குக் குறைந்தது.

என் மனைவியிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சரி, இவளுடைய மெழுகு எது?" அபாரமான கேள்வி! சோழமண்டலத்தார் ஓவியத்தில் இறங்கும்போதே அதற்கு விடை வைத்திருந்தார்கள். இந்தக் காலத்துக்குப் பாத்திக்தான் வேண்டும் என்பதில்லை. புத்தகங்களுக்குப் படம் போடலாம், அனிமேஷன் கற்கலாம், குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கலாம். நாளில் எத்தனை மணி நேரம் அதற்கு, எத்தனை மணி நேரம் தன் ஓவியத்துக்கு என்று மகள் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. இரண்டாவது கணக்கு முதலாவதை விடக் குறையக் கூடாது என்பது நான் சேர்த்த நிபந்தனை.

விடுமுறைக்குச் சென்னை போகிறவர்கள், தி.நகரில் செலவழிக்கும் நாட்களில் ஒரு அரை நாளை இதற்கு ஒதுக்கலாம். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரையைத் தாண்டினால் ஈஞ்சம்பாக்கம். வெளியே மரத்தடியில் கருங்கல் சிற்பங்கள் நிற்கும். உள்ளே 2009இல் திறந்த அருங்காட்சியகத்தில் பணிக்கர், ராமானுஜம், சுல்தான் அலி எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ராமானுஜத்தின் படத்துக்கு முன் அவர்கள் நேரம் போவது தெரியாமல் நிற்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.