மணிக்கூண்டில் இறங்க முடியாதவர்கள்

ஷேர் ஆட்டோவில் போகும் ஒரு கல்லூரி மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை ராயப்பேட்டை மணிக்கூண்டு வந்துவிட்டது. "அண்ணா, நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே! வேறு யாராவது இறங்கும் இடம் வரை போய், வெயிலில் நடந்து திரும்புகிறார். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்க மாட்டார். வைவா என்றால் தூக்கம் போய்விடும். வீட்டில் இதைக் கூச்ச சுபாவம் என்பார்கள். அடக்கமான பிள்ளை என்று பாராட்டுவதும் உண்டு. அந்தப் பாராட்டிலேயே பல வருடங்கள் வீணாகிவிடுகின்றன.

இது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். பிறர் தன்னை எடைபோடுவார்கள் என்ற பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ முடக்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வயதானால் இது தானாகச் சரியாகிவிடாதா? 1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் அது ஏன் தானாக விலகுவதில்லை என்பதற்கு விளக்கம் தந்தார்கள். பேசத் தொடங்கியதுமே கவனம் எதிரில் இருப்பவரை விட்டுத் தன்மேல் திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, முகம் வியர்க்கிறதா? உள்ளே இருக்கும் படபடப்பு அப்படியே வெளியே தெரிவதாக நம்பிவிடுகிறார்கள். அதை மறைக்க டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார்கள். இறுக்கினால் கை இன்னும் நடுங்கும். ஒன்றும் ஆகவில்லை என்றாலும், 'இறுக்கிப் பிடித்ததால்தான் தப்பித்தேன்' என்றே மனம் கணக்கெழுதிக்கொள்ளும். பயம் தோற்கவே வாய்ப்பில்லை.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. பேசுவதை வீடியோ எடுப்பார்கள். பார்ப்பதற்கு முன், தான் எவ்வளவு மோசமாகத் தெரிவோம் என்று அவரையே சொல்லச் சொல்வார்கள். பிறகு, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல அதைப் பார்க்க வேண்டும். பலருக்கும் அந்தத் திரையில் தெரியும் ஆள், தாங்கள் பயந்த ஆள் அல்ல. தேவைப்பட்டால் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக்கூடாது.

இவ்வளவும் இருந்தும் நோயாளி வருவதில்லை. பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வில், மனநலக் கோளாறு உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று தெரிந்தது. நோய்க்கு நோய் இந்த அளவு மாறுகிறது. சமூகப் பதற்றத்தில் கொடுமை இன்னும் அதிகம். வரிசையில் நிற்பது, கவுன்ட்டரில் பேசுவது, முன்பின் தெரியாத மருத்துவரிடம் மனதைத் திறப்பது என எதற்கெல்லாம் பயமோ, அதையெல்லாம் தாண்டித்தான் சிகிச்சைக்கே போக வேண்டும். 1911 முதல் இயங்கும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை நடந்து போகும் தூரத்தில் இருந்தாலும் அந்த மாணவருக்கு அது வெகுதொலைவு.

ஆகவே முதலில் போன் போதும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கட்டணமில்லை, முகம் காட்ட வேண்டியதும் இல்லை. மருத்துவமனைக்குப் போகும் முதல் நாள் அக்காவோ நண்பரோ கூடப் போய் ஓ.பி. சீட்டு வாங்கித் தரலாம். உள்ளே பேச்சு வராவிட்டால், எழுதி எடுத்துப்போன தாளை நீட்டினாலும் மருத்துவருக்குப் புரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டார் முன்னால் நின்று பேசிவிட்டால் பயம் அப்படியேதான் இருக்கும். கொஞ்சம் தெம்பு வந்ததும் சீட்டை அவரே வாங்கட்டும். அதுவும் சிகிச்சையில் சேர்த்திதான்.