துணிந்தாரும் ஆகூழும்: ஓர் இலத்தீன் முதுமொழி

இலத்தீன் மொழியில் வழங்கிய முதுமொழிகளுள் ஆகூழைப் பற்றியவை பலவாகும். அவற்றுள் உலகெங்கும் பரவியது, துணிந்தாருக்கு ஆகூழ்த் தெய்வம் துணை நிற்கும் என்னும் பொருளுடையது. படைப்பிரிவுகளின் சின்னங்களிலும் உயர்குடிகளின் இலச்சினைகளிலும் பொறிக்கப்பட்ட இம்மொழியை வெற்றிக்கு அளித்த உறுதியாகவே பலரும் கொள்வர். உரோமர் அதனை அவ்வாறு கொண்டனரா என்பது ஆராயற்பாலது.

உரோமர் வணங்கிய அத்தெய்வத்தின் பெயர் பொர்த்தூனா. தற்செயல் எனப் பொருள்படும் பொர்ஸ் என்னுஞ் சொல்லோடு தொடர்புடையது அப்பெயர். ஆகூழ், போகூழ் ஆகிய இரண்டும் அவள் தருவனவே. எனினும், முன்வினைப் பயனை முறைப்படி ஊட்டும் ஊழோடு அவளை ஒப்பக் கருதுதல் பொருந்தாது. பொர்த்தூனா முறை நோக்காதவள். ஒரு கையிற் சுக்கானும் மறு கையில் வளங்கொழிக்குங் கொம்பும் ஏந்தியவளாகச் சிற்பிகள் அவளைச் சமைத்தனர். அவளுக்குரிய சக்கரமும் உருண்டையும் நிலையாமையைக் குறிப்பன. பிரெனெஸ்தே நகரத்துக் கோயிலில், எழுத்துப் பொறித்த ஓக்கு மரத்துண்டுகளை ஒரு சிறுவன் எடுத்துக் கொடுக்க, மக்கள் அவள் திருவுளத்தை அறிந்தனர்.

இத்தெய்வத்தைப் பற்றிய முதுமொழிகள் தம்முள் முரணுவன போலத் தோன்றும். அடிமையாக உரோமுக்கு வந்து விடுதலை பெற்று நாடகாசிரியரான பப்ளிலியுஸ் சீருஸ், ஆகூழைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டு, அது ஒளிரும்பொழுதே உடைந்துவிடும் என்றார். ஒவ்வொருவனும் தன் ஆகூழைத் தானே வடிக்குங் கொல்லன் என்பது மற்றொரு மொழி. கி. மு. 312 இல் அப்பியா நெடுஞ்சாலையைத் தொடங்கிய அப்பியுஸ் கிளாடியுஸ் கூறியதாக அது வழங்குகின்றது. ஒன்று செல்வம் பெற்றான் செருக்கை அடக்குவது. மற்றொன்று சோம்பியிருப்பானை எழுப்புவது. கேட்பவன் நிலைக்கேற்பக் கூறப்படுவது முதுமொழியாதலின் இவற்றிடையே மெய்யான முரண் இல்லை.

துணிந்தாரைப் பற்றிய மொழியையும் அது கூறப்பட்ட இடம் நோக்கியே உணர்தல் வேண்டும். கி. மு. 161 இல் அரங்கேறிய தெரென்ஸின் போர்மியோ என்னும் இன்பியல் நாடகத்தில், தந்தைக்கு அஞ்சும் இளைஞன் ஒருவனுக்கு அடிமையொருவன் இதனைக் கூறி ஊக்கமூட்டுகின்றான். தந்தை வருதலைக் கண்டதும் இளைஞன் ஓடிவிடுகின்றான். வேர்ஜிலின் ஈனியட் காவியத்தில், கடற்கரையிற் பகைவரை எதிர்க்குமாறு தன் படையை ஏவும் தூர்னுஸ் இதே கருத்தை மொழிகின்றான். காவிய இறுதியில் ஈனியாஸின் கையால் மடிபவனும் அவனே.

மூன்றாவது நிகழ்ச்சி வரலாற்றிலுள்ளது. கி. பி. 79 இல் வெசூவியுஸ் எரிமலை பொங்கியபொழுது, மூத்த பிளினி மிசேனும் துறையிற் கடற்படைத் தலைவராயிருந்தார். 37 பாகங்கள் கொண்ட இயற்கை வரலாறு என்னும் நூலை இயற்றியவர் அவர். மாந்தர் தம் வரவு செலவு இரண்டையும் பொர்த்தூனாவின் கணக்கிலேயே எழுதுகின்றனர் என்று அந்நூலில் அவர் இடித்துரைத்திருந்தார். ஆராயும் வேட்கையாற் புறப்பட விரும்பிய அவர், கரையில் அகப்பட்டோரின் வேண்டுகோள் கிடைத்ததும் மீட்கும் நோக்குடன் மரக்கலங்களைச் செலுத்தினார். சாம்பலும் நுரைக்கற்களும் பொழிந்தன. கரையை அணுக இயலவில்லை. திரும்புமாறு மீகாமன் வேண்டினான். கணப்பொழுது தயங்கிய பிளினி, அம்முதுமொழியைக் கூறி, நண்பர் பொம்போனியானுஸ் இருந்த ஸ்தாபியே நோக்கிச் செல்லப் பணித்தார். அவ்வூர்க் கரையிலேயே அவர் உயிர் நீத்தார். பல ஆண்டுகளின் பின், அவர் மருகரான இளைய பிளினி வரலாற்றாசிரியர் தாசித்துஸுக்கு எழுதிய மடலில் இவற்றைப் பதிந்துள்ளார். முடிவை அறிந்திருந்தும் அம்மொழியை அவர் மறைத்தாரல்லர், எள்ளினாருமல்லர்.

ஓடிய இளைஞனும் வீழ்ந்த வேந்தனும் மாண்ட அறிஞரும் காட்டுவது ஒன்றே. முதுமொழி கூறுவது துணை, வெற்றியன்று. துணை என்பது செயல் செய்வான் ஒருவன் இருந்தாலன்றி அமையாது. அச்சத்திற்கும் கடமைக்கும் இடையே நிற்பவனை ஒரடி முன்னே செலுத்துவதே அம்மொழியின் பணி. அதன் அப்பால் நிகழ்வதற்கு அது பொறுப்பேற்பதில்லை. இதனை நன்குணர்ந்தவர் சிசரோ. கி. மு. 45 அளவில் இயற்றிய தூஸ்குலத்து உரையாடல்களில் இதனைப் பழைய முதுமொழியென எடுத்தாண்டு, துணிந்தார்க்கு ஆகூழினும் மிகுதியாகத் துணைபுரிவது பகுத்தறிவே என்று அவர் திருத்தினார். பேரிடரின் நடுவே பிறர் உயிரை எண்ணிச் சுக்கானைத் திருப்பச் செய்த பிளினியின் துணிவு, ஆகூழ் கைவிட்ட பின்னரும் மதிக்கப்படுதற்குக் காரணம் அதுவேயாகும்.