பாலமும் அதிர்வும்

ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையைத் தாய் ஆட்டுகிறாள். ஊஞ்சல் தன்னிடம் வந்து திரும்பும் வேளை பார்த்து அவள் மெல்லத் தள்ளினால், அது உயர எழுகிறது. வேளை தவறினால், வலிந்து தள்ளினும் ஆட்டம் குன்றுகிறது. ஊஞ்சலைப் போலவே பாலம், கோபுரம், இயந்திரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இயல்பான அதிர்வெண்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் விசை அவற்றுள் ஒன்றனோடு ஒத்துவிடின் அதிர்வு பெருகும். இதனை ஒத்ததிர்வு என்பர்.

ஒரு பாலம் எவ்வாறு அதிரும் என்பதை அதனைக் கட்டுமுன்னரே அறியப் பொறியியலார் ஒரு முறையைக் கையாளுகின்றனர். பாலத்தைக் கணிப்பொறியில் பல சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறின் நிறையையும் விறைப்பையும் கணக்கிட்டு, அவற்றை மீண்டும் ஒன்றாக இணைக்கின்றனர். இது முடிவுறு கூறு முறை எனப்படும். பின்னர் ஒரே அளவான விசை பல்வேறு அதிர்வெண்களில் தாக்கினால் பாலம் எவ்வளவு அசையும் என்று கணித்து, அதனை வரைபடமாக்குகின்றனர். அதில் மலைச் சிகரங்களைப் போன்ற முகடுகள் தோன்றும்.

முகடு நிற்கும் இடம் இயல்பான அதிர்வெண்ணைக் காட்டும். அதன் உயரமோ தணிப்பைப் பொறுத்தது. உராய்வு முதலியவற்றால் அதிர்வின் ஆற்றல் கரைவதே தணிப்பு ஆகும். தணிப்பு விகிதம் நூற்றுக்கு ஐந்தாயின், அதே விசை நிலையாக அழுத்தும்போது உண்டாகும் அசைவைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு அசைவு உண்டாகும். நூற்றுக்கு ஒன்றாயின் 50 மடங்கு உண்டாகும். தணிப்பைத் துல்லியமாக முன்னறிதல் அரிது. ஆதலின் முகட்டின் இடத்தை நம்பும் அளவிற்கு உயரத்தை நம்புதல் கூடாது. தணிப்புக் குறைந்த முகடு ஊசிபோல் கூரியது; அதிர்வெண்களை அகன்ற இடைவெளி விட்டுக் கணித்தால் அதன் உச்சி கண்ணுக்குத் தப்பிவிடும். மேலும், அளவிடத் தேர்ந்த இடம் அவ்வதிர்வில் அசையாது நிற்கும் இடமாயின், முகடே தோன்றாது. ஓரிடத்துக் கோட்டை மட்டும் கண்டு பாலம் நலமுடையது என்று துணிதல் தகாது.

இலண்டனில் தேம்ஸ் ஆற்றின்மீது நடப்பவர்களுக்கென அமைக்கப்பட்ட மிலேனியம் பாலம் 2000ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் திறக்கப்பட்டது. மக்கள் திரண்டு நடந்தபோது அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்து வைப்பர். இடக்காலும் வலக்காலும் மாறி மாறி ஊன்றுவதால், பக்கவாட்டு உந்தல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை முழுமையுறும். பாலத்தின் பக்கவாட்டு அதிர்வெண்கள் சில அவ்வளவிலும் அதற்குச் சற்றுக் கீழும் இருந்தன. பாலம் அசைந்ததும், மக்கள் விழாமலிருக்கக் கால்களை அகற்றி ஊன்றினர். அதனால் உந்தல் வலுத்தது. ஆட்டம் மேலும் மிகுந்தது. அசைவிற்கேற்ப விசையும் வளரும் என்பதை, மாறாத விசையைக் கொண்டு வரைந்த கோடு காட்ட இயலாது அன்றோ? திறந்து இரண்டே நாட்களில், ஜூன் 12ஆம் நாள், பாலம் மூடப்பட்டது.

இதனைத் திருத்த இரு வழிகள் இருந்தன. பாலத்தை விறைப்பாக்கி முகட்டை வேறிடம் பெயர்த்தல் ஒன்று. தணிப்பைக் கூட்டி முகட்டைத் தாழ்த்துதல் மற்றொன்று. முதல் வழி பாலத்தின் மெல்லிய வடிவையே மாற்றிவிடும். ஆதலின் பொறியியலார் இரண்டாம் வழியைத் தேர்ந்தனர். பாகுநீர்மம் கொண்ட 37 தணிப்பான்களையும், எடை தாங்கிய தணிப்பான்கள் பலவற்றையும் பொருத்தினர். மக்களை நடக்கச் செய்து சோதித்த பின்னர், 2002ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.

கணிப்பொறி தன்னிடம் கொடுத்த விசைக்கே விடை கூறும். கொடாத விசையை எண்ணிப் பார்த்தலும், கட்டிய பின் அளந்து ஒப்பிடுதலும் மனிதனின் கடமையாகும். பாலத்தின்மீது நடப்போர் அக்கடமையை நம்பியே அடி எடுத்து வைக்கின்றனர்.