முதல் பொட்டலம் எந்த வாசலுக்கு?

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தபோது வடசென்னைக்குள் வந்தது மழைநீர் மட்டுமல்ல. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. எர்ணாவூரில் வீட்டுச் சுவர்களில் கூட எண்ணெய் அப்பிக்கிடந்தது. அந்த வீடுகளில் எங்கே அடுப்பு மூட்டுவது?

இப்படியான நாட்களில் மஹல்லா இளைஞர்கள் தேக்சாவை ஏற்றிவிட்டுத்தான் ஆலிம்களிடம் வருவார்கள். "ஹஜ்ரத், ஜகாத் காசுல ஆக்கலாமா? பக்கத்துத் தெரு பிறசமய மக்களுக்கும் கொடுக்கலாமா?"

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைத் தவ்பா அத்தியாயத்தின் 60ஆவது வசனம் வரையறுக்கிறது. அது முஸ்லிம்களில் தகுதியுள்ளோருக்கே உரியது என்பது பெரும்பான்மை அறிஞர்களின் நிலை. ஹனஃபி மத்ஹபில் பொருளை ஏழையின் உடைமையாக ஆக்கிவிட வேண்டும். இதற்குத் தம்லீக் என்று பெயர். உட்காரவைத்துச் சாப்பாடு போட்டால் ஜகாத் நிறைவேறாது. ஷாஃபிஈ மத்ஹபிலோ பணத்தின் ஜகாத்தைப் பணமாகவே கொடுக்க வேண்டும். ஆகவே பொதுச் சமையலுக்கு ஸதகா உண்டியல் தனியாக இருக்கட்டும். ஸதகாவுக்கு இந்த எல்லைகள் கிடையாது, யாருக்கும் கொடுக்கலாம். தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி), யூத அண்டை வீட்டாருக்கு அனுப்பினீர்களா என்றுதான் விசாரித்தார்கள்.

யாருக்கு முதலில்? இதே கேள்வியை ஆயிஷா (ரலி) கேட்டிருக்கிறார்கள். யாருடைய வாசல் உனக்கு மிக அருகில் இருக்கிறதோ அவருக்கு என்பது நபி (ஸல்) அவர்களின் பதில். நம்மவர்களோ வேன் நிற்க வசதியான மெயின் ரோட்டிலேயே பொட்டலங்களைத் தீர்த்துவிட்டு, பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் இருப்பவரை மறந்துவிடுகிறோம்.

சமையலிலும் யோசனை வேண்டும். டிசம்பர் தொடக்கம் கார்த்திகை மாதம். அக்கம்பக்கத்தில் பலர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். அன்று பிரியாணி எதற்கு? எலுமிச்சை சோறு எல்லோருக்கும் ஆகும், சாம்பார் சாதத்தைவிட அதிக நேரம் தாங்கும். ஆவி அடங்கும் முன் பொட்டலம் கட்டினால் அதுவும் நொந்துபோகும். குடிதண்ணீர் கேனையும் பால் பவுடரையும் மறக்க வேண்டாம். வாங்குபவரின் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம். சொல்லிக்காட்டியும் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்குவதை பகரா அத்தியாயத்தின் 264ஆவது வசனம் தடுக்கிறது.

வெள்ளம் வடிந்ததும் தேக்சாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். அந்த டிசம்பரில் எண்ணூர் மீனவர்களுக்குக் கஷ்டம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. வலையிலும் படகிலும் எண்ணெய். பிடித்த மீனை வாங்க ஆளில்லை. உழைத்துச் சம்பாதித்துப் பழகியவர்கள் வரிசையில் நின்று பொட்டலம் வாங்கக் கூசுவார்கள். அந்த வீடுகளுக்கு ஒரு மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய்தான் உதவும். ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசி, தேவையுள்ள வீடுகளைக் கேட்டறிந்து, மஃக்ரிபுக்குப் பிறகு சத்தமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.