மரக் கடைசல் லேத் வாங்கப் போறீங்களா? முதல்ல குறைந்தபட்ச வேகத்தைப் பாருங்க!

சுழலும் கட்டையில் உளியை வைத்ததும் சீவல் சுருள் சுருளாகப் பறக்கும், அரை நிமிஷத்தில் கிண்ணம் ரெடி. இந்த மாதிரி ரீல்ஸைப் பார்த்துவிட்டு, 'நாமும் ஒரு குட்டி லேத் வாங்கினால் என்ன?' என்று ஆன்லைனில் தேடினால், பொம்மை விலையில் தொடங்கி பைக் விலை வரை இயந்திரங்கள் வரிசைகட்டுகின்றன. எதை எடுப்பது?

என்ன கடையப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பேனா, பம்பரம், சொப்புச் சாமான் என்றால் சின்ன லேத்தே தாராளம். அம்பாசமுத்திரம் சொப்புகளும் கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளும் பெரும்பாலும் கையடக்கக் கடைசல் வேலைகள்தான். ஆனால் பெரிய கிண்ணம் வேண்டும் என்றால் கதையே வேறு.

10 x 18 என்றால்?

முதல் எண், அந்த லேத்தில் சுழற்றக்கூடிய அதிகபட்ச விட்டம். இரண்டாவது, இரு முனைகளுக்கு நடுவே பிடிக்கும் நீளம். இரண்டும் அங்குலத்தில். சிலர் விட்டத்துக்குப் பதில் 'மைய உயரம்' போட்டிருப்பாங்க. அது விட்டத்தில் பாதி, குழம்பிவிடாதீர்கள்.

வேகத்தில்தான் விஷயம்

விளம்பரங்கள் குதிரைத்திறனையும் அதிகபட்ச வேகத்தையும்தான் பெரிதாகப் போடும். புதியவரின் பாதுகாப்பைத் தீர்மானிப்பது குறைந்தபட்ச வேகம். 8 அங்குலக் கட்டை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு சுமார் 115 கி.மீ. வேகத்தில் ஓடும். விரிசல் விட்ட கட்டை அந்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு வந்தால் முகம் என்ன ஆகும்?

கடைசல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. விட்டத்தை (அங்குலத்தில்) சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் வர வேண்டும். அதன்படி 8 அங்குலக் கட்டைக்கு 750 முதல் 1,125 சுற்று. செதுக்காத கரடுமுரடுக் கட்டை என்றால் அதைவிடவும் குறைவாகத்தான் தொடங்கணும். 500-க்கும் கீழே இறங்காத லேத்தில் பெரிய கிண்ணம் முயற்சி செய்யாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது எடை. லேசான தகர பெட் அதிரும், உளி தடுமாறும். தூக்க முதுகு வலித்தாலும் வார்ப்பிரும்பையே எடுங்கள். கைக்குள் அடங்கும் மோட்டாருடன் வரும் மலிவு லேத்கள் மணி, மோதிரம் கடைய மட்டும்தான்.

கையில் இருக்கும் காசு முழுவதையும் லேத்திலேயே போட்டுவிட்டால், மறுநாளே மாட்டிக்கொள்வீர்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் உளிகள், அவற்றைத் தீட்ட ஒரு சாணை, கட்டையைப் பிடிக்க நான்கு தாடை சக், முழு முகக் கவசம் எல்லாம் தனிச் செலவு. எல்லாம் சேர்ந்தால் லேத் விலையையே தொட்டுவிடலாம். சக் பிறகு வாங்கிக்கலாம், முகக் கவசத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கையுறை, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, விரித்த கூந்தல் எதுவும் லேத் பக்கம் வரவே கூடாது. துணியின் ஒரு நூல் சிக்கினாலும் கையையே உள்ளே இழுத்துவிடும்.

ஆர்டர் போடும் முன், ஸ்பிண்டில் மரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1 அங்குலம் 8 மரை, எம்33 போன்றவை பரவலாக உள்ளவை, இவற்றுக்கு சக் சுலபமாகக் கிடைக்கும். பெயர் தெரியாத மரை என்றால், அந்த லேத்துக்குப் பொருந்தும் சக்கைத் தேடியே ஒரு மாசம் போயிடும்.