டாமின்: கருங்கல்லைக் காப்பாற்ற அரசே தொடங்கிய கம்பெனி... மதுரையில் சறுக்கியது எப்படி?

தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் புதுசா கட்டுற எந்த அப்பார்ட்மென்ட்டுக்குள் போனாலும் கிச்சன் மேடையில் பளபளன்னு ஒரு கருப்புக் கல் இருக்கும். சதுர அடி என்ன விலை என்று கேட்டுப் பேரம் பேசுவோம். அந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்தது, வெட்டும் உரிமை யாரிடம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு அரசு 1977-ல் ஒரு பதில் சொன்னது. 'கருப்பு கிரானைட் வெட்ட இனி தனியாருக்குக் குத்தகை கிடையாது. அரசே வெட்டும்.' அந்தக் காலகட்டத்தில் உருவானதுதான் தமிழ்நாடு கனிம நிறுவனம், சுருக்கமாக டாமின். தனியாரிடமிருந்து கல்லைக் காப்பாற்ற வந்த அந்த நிறுவனத்தின் பெயரே 35 ஆண்டுகள் கழித்து மதுரை கிரானைட் விவகாரத்தில் அடிபட்டது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஜல்லிக்கும் கிரானைட்டுக்கும் என்ன வித்தியாசம்?

தென்சென்னைக்காரர்களுக்குக் கல் குவாரி புதுசு இல்லை. பல்லாவரம், திரிசூலம் மலைகளில் இருப்பது 'சார்னோகைட்' என்ற பாறை. கல்கத்தாவின் தொடக்க வரலாற்றில் இடம்பெறும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான். அதை வைத்தே தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பெயரைச் சூட்டினார். பரங்கிமலைப் பகுதியில் இந்தப் பாறை இருக்கும் இடம் தேசிய புவியியல் நினைவுச்சின்னமும்கூட.

ஆனால் நம்ம பக்கத்து மலைகளில் கல்லை வெடி வைத்து உடைத்து, கிரஷரில் போட்டு ஜல்லியாக்கினார்கள். கிரானைட் வியாபாரம் வேறு கணக்கு. அங்கே விலை முழுசான கல்லுக்குத்தான். பெரிய பிளாக்காக, விரிசல் இல்லாமல், ஒரே நிறத்தில் வர வேண்டும். தப்பான இடத்தில் வெடி வைத்து விரிசல் விழுந்தால், அந்தக் கல்லின் விலை போச்சு. வெட்டுவதில் பெரும்பகுதி கழிவாகத்தான் போகும்.

விழுப்புரம் மாவட்டம் குன்னம் பகுதியின் கருப்புக் கல் 'குன்னம் பிளாக்' என்ற பெயரிலேயே உலகச் சந்தையில் பிரபலம். இந்தியக் கருப்பு கிரானைட்டை ஜப்பானில் கல்லறைக் கற்களுக்காகத் தேடி வாங்குகிறார்கள். இப்படி ஏற்றுமதி மதிப்பு இருப்பதால்தான் அரசு இந்தக் கல்லைத் தன் கைக்குள் வைக்க நினைத்தது.

1977-ல் என்ன நடந்தது?

மத்திய அரசின் 1957-ம் ஆண்டு சுரங்கச் சட்டப்படி, கட்டுமானக் கற்கள் 'சிறு கனிமங்கள்' பட்டியலில் வருகின்றன. இவற்றுக்கு விதி போடும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. அந்த அதிகாரத்தில், தமிழ்நாடு சிறுகனிம சலுகை விதிகளில் 1977 டிசம்பரில் 8-சி என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராகி ஆறு மாதம்கூட ஆகாத நேரம் அது.

விதி சொன்னது இதுதான்: கருப்பு கிரானைட் வெட்ட தனியாருக்குக் குத்தகை இல்லை. அரசே வெட்டலாம், அல்லது முழுக்க அரசுக்குச் சொந்தமான நிறுவனத்துக்குக் குத்தகை தரலாம்.

சுப்ரீம் கோர்ட் சொன்னது என்ன?

ஏற்கெனவே குவாரி வைத்திருந்தவர்களும், புதுப்பிக்க விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 8-சி செல்லாது என்றது. தமிழக அரசு மேல்முறையீடு செய்தது. 1981 பிப்ரவரியில், 'ஹிந்த் ஸ்டோன்' வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அரசு பக்கம் வந்தது.

தீர்ப்பின் சாரம் இரண்டு. ஒன்று, ஆறு, காடு, கனிமம் எல்லாம் ஒரு தலைமுறை மட்டும் தின்று தீர்க்க வேண்டிய சொத்து இல்லை. அடுத்த தலைமுறைக்கும் மிச்சம் வைக்க வேண்டும். இரண்டு, அரசு நிலத்தில் குவாரி குத்தகை கேட்பது யாருடைய பிறவி உரிமையும் இல்லை. கனிம வள வழக்குகளில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

டாமின் என்னவெல்லாம் செய்கிறது?

கிரானைட் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சிவகங்கையில் கிராஃபைட், திருப்பத்தூர் பக்கம் வெர்மிகுலைட் என்று வேறு கனிமங்களும் உண்டு. எண்ணூர் மணலும் டாமின் கணக்கில் வருகிறது. சிமென்ட்டின் தரத்தை லேப்பில் சோதிக்கப் பயன்படும் 'ஸ்டாண்டர்டு மணல்' அது. தலைமை அலுவலகம் சேப்பாக்கம், காமராஜர் சாலையில் இருக்கிறது.

பிறகு மதுரையில் சறுக்கியது எங்கே?

இங்கேதான் விஷயமே. சில குவாரிகளில் குத்தகை டாமின் பெயரில் இருந்தது. ஆனால் கல்லை வெட்டி எடுத்து விற்கும் வேலை ஒப்பந்த அடிப்படையில் தனியாரிடம் போனது. வெளியே போகும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் டாமினுக்கு இவ்வளவு என்று பணம் வரும்.

சரி, எத்தனை கன மீட்டர் போனது என்று யார் அளப்பது? எது நல்ல பிளாக், எது கழிவு என்று யார் சொல்வது? இரண்டும் குவாரிக் குழியில்தான் முடிவாகின்றன. கல்லின் கணக்கு அங்கே தவறினால், சேப்பாக்கத்தில் இருக்கும் ரிஜிஸ்டரில் அது தெரியாது. பெர்மிட் சீட்டில் எழுதியதுதான் கணக்கு. பக்கத்திலேயே அதே ஆட்களுக்குச் சொந்தக் குவாரியும் இருந்தால், எந்தக் கல் எங்கே வெட்டியது என்று பிரித்துப் பார்ப்பது இன்னும் கஷ்டம்.

2012 மே மாதம், அப்போது மதுரை கலெக்டராக இருந்த உ.சகாயம் அரசுக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். மேலூர் வட்டாரத்தில் சட்டவிரோத கிரானைட் குவாரிகளால் ரூ.16,338 கோடி இழப்பு என்பது அதில் இருந்த மதிப்பீடு. புறம்போக்கு நிலம், கண்மாய், வாய்க்கால் எல்லாம் குவாரிகளால் பாதிக்கப்பட்டதாகவும், டாமின் நிலங்களிலேயே அத்துமீறல் நடந்ததாகவும் புகார்கள் வந்தன. சில நாட்களிலேயே சகாயம் மாற்றப்பட்டார். அடுத்து வந்த கலெக்டர் அன்சுல் மிஸ்ரா காலத்தில் ஆய்வுகள் நடந்து, குவாரிகள் நிறுத்தப்பட்டன, வழக்குகள் பதிவாயின.

2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சகாயத்தையே விசாரணை ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் தந்த அறிக்கை, இழப்பை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று மதிப்பிட்டது, சி.பி.ஐ. விசாரணையையும் பரிந்துரைத்தது. இவை மதிப்பீடுகள்தான், கோர்ட்டில் நிரூபணமான தொகை அல்ல. வழக்குகள் 10 ஆண்டுகளுக்கு மேல் இழுத்துக்கொண்டே போயின.

நமக்கு இதில் என்ன?

கல் ஒருமுறை போனால் திரும்ப வளராது. மிஞ்சுவது குழிதான். 2017 வறட்சியில், மாங்காடு அருகே சிக்கராயபுரம் கைவிடப்பட்ட கல் குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 2019-லும் அந்தக் குவாரிகள் கை கொடுத்தன. அது அதிர்ஷ்டம். குளிக்க இறங்கி உயிர் போவதும் இதே மாதிரி குழிகளில்தான்.

ஜல்லியோ கிரானைட்டோ, புறம்போக்கு மலையில் இருக்கும் கல் பொதுச்சொத்து. அதற்காகத்தான் 1977-ல் தனியாருக்குக் கதவை மூடினார்கள். மதுரை புகார்கள் காட்டுவது, கதவில் 'அரசு' என்று போர்டு மாட்டினால் மட்டும் போதாது என்பதை. குழியில் நின்று கல்லை அளப்பவர் யார், அந்த அளவை ஊர் மக்கள் பார்க்க முடிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் ஊரில் அடுத்து ஒரு குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.